உலகப் போர்ப் புத்தகங்களும் ஒரு செம்புத் தண்ணியும்

எங்க பெரிய தாத்தாவுக்கு (தாத்தாவோட அண்ணன்) ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி படுக்கும்போது தலைமாட்டில் ஒரு செம்பு நிறைய தண்ணி இருக்கணும். இதுல என்ன அதிசயம், எல்லா வீட்லயும் இருக்கறதுதானேன்னு கேட்பீங்க. அவர் அந்தச் செம்பை முழுசாக் குடிச்சு யாரும் பார்த்ததில்லை. பாதி குடிப்பார், மீதியை மூடி வைப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மஞ்சப் பைக்குள்ள ஒரு பழைய டானிக் பாட்டில்ல தண்ணி இருக்கும். காசு கொடுத்து தண்ணி பாட்டில் வாங்குற பழக்கமெல்லாம் எங்க ஊருக்கு வராத காலம் அது. நாங்க சின்னப் பசங்க அவருக்கு வெச்ச பேரு 'தண்ணி தாத்தா'. (இன்னைக்கு அந்தப் பேருக்கு அர்த்தமே வேற!)

நான் அஞ்சாப்பு படிக்கும்போது அத்தை பையனோட பந்தயம் கட்டி, அவர் தூங்கினதுக்கு அப்புறம் அந்தச் செம்பைக் காலி பண்ணி கவுத்து வெச்சுட்டேன். அவர் திட்டலை, அடிக்கலை. நடு ராத்திரியில எழுந்து, கிணத்துல வாளியை விட்டு இறைச்சு, செம்பை நிரப்பிக்கிட்டு வந்து, விடியற வரைக்கும் அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாராம். காலையில பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனா அதுக்கு மேல யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரே ஒரு தடவை, 1984இல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், புதுசா வந்த சம்பந்தி வீட்டுக்காரர் "பர்மாவுல இருந்தீங்களாமே?"ன்னு மரியாதைக்குக் கேட்டார். தாத்தா ஆரம்பிச்சார்: "புரோம் வரைக்கும் ரயில்ல வந்தோம். அதுக்கப்புறம் நடைதான். எங்களோட கிளம்புனது பதினோரு பேரு..." அவ்வளவுதான். எங்க சித்தப்பா குறுக்கே புகுந்து, "பெரியப்பா, நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்கு? பாயசம் வருது பாருங்க"ன்னுட்டார். எல்லோரும் சிரிச்சோம். தாத்தாவும் சிரிச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேர் வீடு வந்து சேர்ந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொஞ்ச வருஷமாகவே நான் உலகப் போர்ப் புத்தகங்களாகத் தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன். தளபதிகள், டாங்கிகள், எந்தத் தேதியில் எந்த ஊர் விழுந்தது என்பதெல்லாம் எனக்கு அவ்வளவாக ஒட்டலை. அந்தப் போருக்குள்ள மாட்டிக்கிட்ட சாதாரண ஜனங்களோட அனுபவம் எழுதப்பட்ட புத்தகங்கள்தான் பிடிச்சது. ஆன் பிராங்கின் நாட்குறிப்பு எல்லோரும் படிச்சது, அதை விட்டுடறேன். மற்றதை ஒண்ணு ஒண்ணாகப் படிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அந்தப் பாயசம் எல்லா ஊரிலும் பரிமாறப்பட்டிருக்கு!

யார் இப்போ போரைப் பற்றிப் படிப்பாங்க?

முதல் உலகப் போரில் இருந்து ஆரம்பிப்போம். எரிக் மரியா ரெமார்க் பள்ளிப் படிப்பை முடித்த வயதில் ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, 1917இல் மேற்குப் போர்முனையில் காயம்பட்டவர். அவருடைய 'மேற்கு முனையில் புதிதாக ஒன்றுமில்லை' நாவல் போர் முடிந்து பத்து வருஷம் கழித்து, 1929இல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் கையெழுத்துப் பிரதியைப் படித்த பெர்லினின் பெரிய பதிப்பாளர் சாமுவேல் பிஷர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போரைப் பற்றிப் படிக்க இனிமேல் யாருக்கும் ஆசை இல்லை என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பிவிட்டது. வேறு பதிப்பகத்தில் வந்து, ஒன்றரை வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருபத்தைந்து லட்சம் பிரதிகள் போனது.

நாவலில் குண்டு விழும் இடங்களை விட எனக்கு நெஞ்சில் நின்றது நாயகன் பால் பொய்மர் லீவில் ஊருக்கு வரும் பகுதி. ஊர்ப் பெரிய மனுஷங்க அவனைப் பிடித்து உட்கார வைத்து, எந்த இடத்தைப் பிடிக்கணும், எப்படி ஜெயிக்கணும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். அவன் பேச வாயெடுத்தால், உனக்கு உன் முனை மட்டும்தான் தெரியும், மொத்த நிலவரம் தெரியாது என்கிறார்கள். அம்மா கேட்கும்போது அவனே பொய் சொல்கிறான், அங்கே அவ்வளவு மோசமில்லை என்று. கடைசியில் லீவுக்கு வந்திருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறான்.

ஆனா எல்லோரும் படிச்சுட்டாங்கன்னு சந்தோஷப்படவும் முடியலை. 1930இல் அதன் ஹாலிவுட் படம் பெர்லினில் திரையிடப்பட்டபோது, கோயபெல்ஸ் தலைமையில் நாஜிகள் தியேட்டருக்குள் நாற்றக் குண்டுகளை எறிந்து, வெள்ளெலிகளை அவிழ்த்து விட்டுக் கலாட்டா செய்தார்கள். 1933 மே 10 அன்று புத்தகத்தை நடுத்தெருவில் கொளுத்தினார்கள். ரெமார்க் நாட்டை விட்டுப் போய்விட்டார். ஊரில் இருந்த அவர் தங்கை எல்ஃப்ரீடே, ஜெர்மனி இந்தப் போரில் ஜெயிக்காது என்று பேசினார் என்பதற்காக 1943 டிசம்பரில் தலை வெட்டப்பட்டார்.

ஒரு கனவும் ஒரு குழாயும்

அடுத்து பிரிமோ லெவி. இவரைப் படிச்ச பிறகுதான் இந்தப் பதிவு எழுதணும்னு தோணுச்சு. இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர், வேதியியல் படித்தவர், யூதர். 1944 பிப்ரவரியில் 650 பேரை அடைத்த ரயிலில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டார். கையில் பச்சை குத்திய எண் 174517. அந்த ரயிலில் போனவர்களில் ஊர் திரும்பியது இருபது பேர் சொச்சம்.

முகாமில் வந்த ஒரு கனவைப் பற்றி அவர் எழுதுகிறார். வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கை இருக்கிறாள், சிநேகிதர்கள் இருக்கிறார்கள். பசி, பேன், அடி எல்லாவற்றையும் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவர்கள் கவனம் வேறு பக்கம் போகிறது, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். தங்கை ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுகிறாள். மறுநாள் நண்பன் ஆல்பர்ட்டோவிடம் சொன்னால், தனக்கும் அதே கனவுதான் என்கிறான் அவன். அங்கே இருந்த பலருக்கும் அதே கனவாம். சோறு இல்லாத இடத்தில் மனுஷன் சோற்றைக் கனவு காண்பான், புரியுது. இவர்கள் அதோடு சேர்த்து, சொல்வதைக் கேட்க ஆளில்லை என்ற கனவையும் கண்டிருக்கிறார்கள்.

கனவு பலித்துவிட்டது. 1945 ஜனவரி 27இல் சோவியத் படை ஆஷ்விட்சை விடுவித்தது. லெவி ஊர் வந்து சேர்ந்து, ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே 'இவன் ஒரு மனிதனா' புத்தகத்தை எழுதினார். எய்னாவ்தி என்ற பெரிய பதிப்பகத்துக்குக் கொடுத்தார், நிராகரித்துவிட்டார்கள். அங்கே அதைப் படித்து வேண்டாம் என்று சொன்னவர் எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க். அவரும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கணவர் லியோனே 1944இல் ரோம் சிறையில் ஜெர்மானியரின் சித்திரவதையில் செத்தவர். அவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. வீட்டிலேயே சாவு விழுந்தவர்களுக்கு இன்னொரு சாவு வீட்டுக்குப் போக எவ்வளவு தெம்பு வேணும்?

கடைசியில் 1947இல் ஒரு சின்னப் பதிப்பகம் 2500 பிரதி போட்டது. அதுவும் முழுசாக விற்கவில்லை. மிச்சம் இருந்த சில நூறு பிரதிகள் பிளாரன்சில் ஒரு கிடங்கில் கிடந்து, 1966 வெள்ளத்தில் நாசமாகின. அதற்குள் 1958இல் அதே எய்னாவ்தி மனசு மாறி மறுபதிப்பு போட்டு, அப்புறம்தான் உலகம் படிக்க ஆரம்பித்தது. பதினோரு வருஷம்!

லெவியிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது முதல் புத்தகத்தில் இல்லை. 1986இல் வந்த 'மூழ்கியவர்களும் தப்பியவர்களும்' நூலில் சொல்கிறார். 1944 ஆகஸ்ட், கடும் வெயில். முகாமில் குடிக்கத் தண்ணி இல்லை. ஒரு நிலவறையில் இடிபாடுகளை அள்ளும் வேலை. சுவரோரம் ஒரு குழாய் நிற்கிறது, அடியில் ஒரு திருகு. திறந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணி! மொத்தம் ஒரு லிட்டர் இருக்கலாம். என்ன செய்வது? எல்லோரிடமும் சொன்னால் ஆளுக்கு ஒரு மடக்கு கூட வராது. ஆல்பர்ட்டோவை மட்டும் ரகசியமாகக் கூப்பிட்டு, இரண்டு பேரும் தரையில் படுத்து மாறி மாறிக் குடித்துவிட்டார்கள். வேலை முடிந்து திரும்பும் வழியில் டானியேலே என்ற இன்னொரு கூட்டாளி, உதடு வெடித்து, உடம்பெல்லாம் சிமெண்ட் தூசியோடு பக்கத்தில் வருகிறான். அவன் இவர்களைப் பார்த்துவிட்டிருக்கிறான், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. விடுதலைக்குப் பல மாதம் கழித்து, பெலாரூசில் அவன் லெவியிடம் கேட்டானாம்: உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஏன், எனக்கு ஏன் இல்லை?

ஒரு லிட்டர் தண்ணியைப் பற்றி எழுத அந்த மனுஷனுக்கு நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கு. எழுதினதுக்கு அடுத்த வருஷம் இறந்துவிட்டார். வெளியே கேட்க ஆளில்லாதது ஒரு பக்கம். சொல்பவருக்கு உள்ளேயே ஒரு பூட்டு இருப்பது இன்னொரு பக்கம். பிழைத்து வந்தவன் எதையாவது செய்துதான் பிழைத்திருப்பான், அல்லது எதையாவது செய்யாமல் விட்டு. அதை யாரிடம் சொல்ல?

தோற்றவர்கள் வீட்டுப் பெண்கள், ஜெயித்தவர்கள் வீட்டுப் பெண்கள்

'பெர்லினில் ஒரு பெண்' என்பது 1945 ஏப்ரல் 20 முதல் ஜூன் 22 வரை ஒரு ஜெர்மன் பெண் எழுதிய நாட்குறிப்பு. பெயர் போடவில்லை. சோவியத் படை பெர்லினுக்குள் நுழைந்தபோது அங்கே பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை, அழுகையோ ஒப்பாரியோ இல்லாமல், கிட்டத்தட்ட வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறார். இரை தேடுவது, தண்ணிக்கு வரிசையில் நிற்பது, யாரிடமிருந்து தப்பிக்க யாரிடம் ஒதுங்குவது என்று எல்லாமே இருக்கிறது. கடைசியில் அவருடைய காதலன் போர்முனையிலிருந்து திரும்பி வருகிறான். நோட்டுப் புத்தகங்களை அவனிடம் படிக்கக் கொடுக்கிறார். அவன் ஒரு சுருக்கெழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறான். இவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அது பலாத்காரம் என்பதன் சுருக்கம். அடிக்கடி எழுத வேண்டி வந்ததால் சுருக்கிவிட்டார். அவன் கிளம்பிப் போய்விடுகிறான்.

இந்தப் புத்தகம் முதலில் 1954இல் ஆங்கிலத்தில்தான் வந்தது. 1959இல் ஜெர்மன் மொழியில் வந்தபோது, ஜெர்மானியப் பெண்களின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஏச்சு. அந்தப் பெண்மணி, நான் உயிரோடு இருக்கும்வரை மறுபதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2001இல் இறந்தார். 2003இல் மீண்டும் ஜெர்மன் மொழியில் வந்தது, விற்பனையில் சக்கைப்போடு. அதைப் பார்க்க அவர் இல்லை.

தோற்ற நாட்டில் அப்படி. ஜெயித்த நாட்டிலாவது? ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் எழுதிய 'போருக்குப் பெண் முகம் இல்லை' நூலைப் படிச்சுப் பாருங்க. அந்தப் போரில் சோவியத் படையில் சுமார் பத்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். குறிபார்த்துச் சுடுபவர்கள், விமானிகள், டாங்கி ஓட்டுபவர்கள், நர்சுகள், படைக்குத் துணி துவைத்தவர்கள். மின்ஸ்க் நகரத்துப் பத்திரிகையாளரான இவர் 1970களின் கடைசியிலிருந்து டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர்களின் வீடு வீடாகப் போனார்.

ஒரு வீட்டில் கணவர், நேற்று ராத்திரி முழுக்கப் போர் வரலாற்றுப் புத்தகத்தை வைத்து மனைவிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் சொல்லித் தந்தபடி சொல்லு, அழுகை, பொம்பளை சமாச்சாரம் எல்லாம் வேண்டாம் என்று! அவர் எழுந்து போன பிறகுதான் அந்த அம்மா வாய் திறக்கிறார். இன்னொருவர் சிவப்பு நிறத்தையே பார்க்க முடியாமல் போனவர். இன்னொரு பெண் மெடல்களோடு ஊர் திரும்பியிருக்கிறாள். நாலாவது நாள் விடியற்காலையில் அம்மா எழுப்பி, மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், போய்விடு என்கிறாள். உனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள், நாலு வருஷம் ஆம்பளைகளோட இருந்துவிட்டு வந்திருக்கிறாய், உன் தங்கச்சிகளை யார் கட்டுவான்? இதை ரஷ்யாவில் நடந்ததுன்னு சொல்லாம படிக்கக் கொடுத்தா, நம்ம ஊர்க் கதைன்னுதான் நினைப்பீங்க.

புத்தகம் 1983இல் முடிந்தது. இரண்டு வருஷம் பதிப்பகத்தில் தூங்கியது. வீர சோவியத் பெண்ணின் பிம்பத்தைக் கெடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. 1985இல், கோர்பச்சேவ் வந்த பிறகு, வெட்டுக்களோடு வெளிவந்து இருபது லட்சம் பிரதி போனது. வெட்டிய பகுதிகளைப் பிறகு வந்த பதிப்பில் அவரே சேர்த்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு.

இவர்கள் சொன்னதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. நாற்பது வருஷம் கழித்துச் சொன்ன கதை. ஞாபகம் கூட்டும், குறைக்கும். அலெக்ஸியேவிச் தன் பங்குக்கு அதைத் தொகுத்து எழுதியும் இருக்கிறார். எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது என்று தெரிய இதைப் புரட்டக் கூடாது, அதுக்கு வேற புத்தகம் இருக்கு. ஆனால் மகளுக்கு மூட்டை கட்டிய அம்மாவை எந்த ராணுவ ஆவணத்தில் போய்த் தேடுவது?

கேட்டுப் போனவர் ஒருவர்

நடுவில் நல்ல விஷயம் ஒன்றையும் சொல்லிடறேன். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி 1946இல் ஹிரோஷிமா போனார். குண்டு விழுந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. ஆறு பேரிடம் உட்கார்ந்து கேட்டார்: ஒரு ஆபீஸ் குமாஸ்தா பெண், ஒரு தையற்காரரின் விதவை, இரண்டு டாக்டர்கள், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு ஜப்பானியப் போதகர். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூ யார்க்கர் இதழ் மற்ற கட்டுரைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு முழு இதழையும் இதற்கே கொடுத்தது. நேற்று வரை எதிரி நாடு, அந்த மக்களைப் போய் உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். குண்டு விழுந்த நொடியில் அந்தக் குமாஸ்தா பெண்மணியின் மேல் சாய்ந்து காலை நசுக்கியது புத்தக அலமாரி. அதைப் படிச்சப்ப என் அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஜப்பானிலேயே இது மொழிபெயர்ப்பாக வர 1949 ஆனது. அமெரிக்க ஆக்கிரமிப்பின் தணிக்கை அப்படி.

நம்ம பக்கம்

இவ்வளவும் அடுத்த வீட்டுக் கதை. நம்ம வீட்டில்? முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போனார்கள். பிரான்சில் காயம்பட்டு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்தவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பல இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. எப்படித் தெரியுமா? தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து, ஃபைலில் வைத்ததால். அவர்கள் சொன்னதை உட்கார்ந்து கவனமாகக் கேட்ட ஒரே ஆள் போலீஸ் வேலை பார்த்தவர்தான். அந்தப் போரிலிருந்து தமிழுக்கு மிச்சமானது ஒரு வார்த்தை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர். அவன் சரியான 'எம்டன்'டா என்று இன்னும் சொல்றோம்.

இரண்டாம் உலகப் போரில் சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர், ஜப்பானியர் 1942-43இல் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்டது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களில் டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் வியரி டன்லப்பின் நாட்குறிப்பு 1986இல் வந்தது. ஸ்காட்லாந்துக்காரர் எரிக் லோமாக்சின் 'ரயில்வே மனிதன்' 1995இல் வந்தது. அவர்களுக்கே நாற்பது ஐம்பது வருஷம் ஆகியிருக்கு பாருங்க.

அதே பாதையில் வேலை செய்த ஆசியக் கூலிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெரும் பகுதி. செத்தவர்கள் எத்தனை என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு, தொண்ணூறாயிரம் பக்கம் சொல்கிறார்கள். காலரா வந்த முகாம்களில் பெயர் எழுதி வைக்கக் கூட ஆளில்லை. 'குவாய் நதிப் பாலம்' படம் பார்த்திருப்பீங்க, 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கியது. (எடுத்தது இலங்கையில், கித்துள்கலவில்!) அதில் வெள்ளைக்காரக் கைதிகள்தான் பாலம் கட்டுகிறார்கள், விசிலடிக்கிறார்கள். நம்ம ஆட்களின் கதையைப் பிறகு மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான் நாவலாக எழுதினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் கிடைத்தால் விடாதீங்க.

ப. சிங்காரத்தைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. சிங்கம்புணரிக்காரர். 1938இல் பதினெட்டு வயதில் மெடானுக்கு வேலைக்குப் போய், ஜப்பான் ஆட்சியை நேரில் பார்த்து, 1946இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்த பின் பத்து வருஷம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் வெளியானது. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவேயில்லை. இன்று எல்லோரும் தமிழின் சிறந்த நாவல்களில் ஒன்று என்கிறார்கள். 1997இல் இறந்த மனுஷனுக்கு அதில் எவ்வளவு காதில் விழுந்ததோ. லெவியின் பதினோரு வருஷமும் இந்தப் பத்து வருஷமும் ஒரே கதைதானே?

கடைசியாகப் பர்மா. 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அந்த ஊர் ஜனத்தொகையில் அப்போது பாதிக்கு மேல் இந்தியர்கள். அடுத்த சில மாதங்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் பர்மாவை விட்டு இந்தியா பக்கம் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்கள் நடை. மணிப்பூர் வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டதாக அப்போதே பெரிய புகார் எழுந்தது. அந்த நடையில் வந்த ஒருவர் எழுதியும் வைத்தார். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய அறிஞர் வெ. சாமிநாத சர்மா, மனைவியோடு நடந்து வந்தவர். அவருடைய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' தமிழில் இந்த விஷயத்தில் நமக்கு இருக்கிற சொத்து.

அதை நான் படிச்சது ஒரு சுயநலத்தில்தான். பக்கத்துக்குப் பக்கம் எங்க தாத்தாவைத் தேடினேன். கிடைப்பாரா? அவர் அதில் இல்லை. அப்புறம் வரைபடத்தை விரிச்சு வெச்சு 'புரோம் வரைக்கும் ரயில், அதுக்கப்புறம் நடை'ங்கிற ஒரே வரியைப் பிடிச்சுப் பார்த்தேன். புரோமில் ஐராவதி ஆற்றைக் கடந்தால் அரக்கான் யோமா மலை. அதைத் தாண்டினால் டாங்கப் என்ற கடற்கரை ஊர், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். நடை மட்டும் நூறு மைலுக்கு மேல். ஜனவரி பிப்ரவரி மாதம், மழை இல்லாத காலம். வரலாற்று நூல்கள் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வது முக்கியமாக இரண்டு விஷயம். காலரா, அப்புறம் தண்ணி இல்லாதது.

அன்னிக்கு ராத்திரி புத்தகத்தை மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அஞ்சாப்பு பையன் கவுத்து வெச்ச செம்பு கண்ணு முன்னால நின்னுச்சு. லெவியோட குழாயும் ஞாபகம் வந்துச்சு. பாதி குடிச்சுட்டு மீதியை அவர் யாருக்காக மூடி வெச்சார்? யாருக்குக் கொடுத்தார், யாருக்குக் கொடுக்காம விட்டார்? எனக்குத் தெரியாது. அவர் சொல்ல ஆரம்பிச்ச ஒரே நாள்ல நானும் அந்தப் பந்தியில பக்கத்து இலையில உட்கார்ந்து சிரிச்சவன்தான்.

உலகப் போரைப் பார்த்தவங்க இன்னிக்கு அநேகமா யாருமே இல்லை. ஆனா 1960களில் பர்மாவிலிருந்து எல்லாத்தையும் விட்டுட்டு அகதியா வந்தவங்க இருக்காங்க. இலங்கைப் போருக்குள்ள இருந்து வந்தவங்க நம்ம தெருவிலேயே இருக்கலாம். அவங்க வீட்டுக் கல்யாணத்துல, அவங்க பக்கத்துல உட்கார இடம் கிடைச்சு, அவங்க ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, நல்ல நாளும் அதுவுமான்னு யாராவது வருவாங்க. பாயசத்தை அப்புறம் குடிச்சுக்கலாம்னு சொல்லுங்க.

எத்தனை பேர் கிளம்புனீங்க, எத்தனை பேர் வந்து சேர்ந்தீங்கன்னு மறக்காம கேளுங்க.